கையெழுத்து

அன்பு மகளே,

ஆக்ஸ்ஃபர்ட் பிராட் தெருவில், ரோட்டுக்கு நடுவே கல் பதித்த சிலுவையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாய். "இது நம்ம சபைக்காரங்க செஞ்சதாம்மா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், அந்த இடத்தில் நடந்ததைச் செய்தது நம் கத்தோலிக்கச் சபைதான். போனில் சொல்ல எனக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

1555 அக்டோபர் 16 அன்று லாட்டிமர், ரிட்லி என்ற இரண்டு சீர்திருத்த சபை ஆயர்களை அங்கே உயிரோடு எரித்தார்கள். அப்போது இங்கிலாந்தை ஆண்டவள் நம் சபையைச் சேர்ந்த ராணி முதலாம் மேரி. அவளுடைய ஐந்து வருட ஆட்சியில் ஏறக்குறைய 280 பேர் இப்படிச் செத்தார்கள். நெசவு செய்கிறவர்கள், கூலி வேலைக்காரர்கள், ஐம்பதுக்கு மேல் பெண்கள்.

ஆனாலும் கொடியவள் என்று ஒரே சொல்லில் அவளைத் தள்ள எனக்கு மனசு வரவில்லை. அவளுக்குப் பதினேழு வயதானபோது, தாய் கேத்தரினோடு நடந்த கல்யாணமே செல்லாது என்று அப்பா எட்டாம் ஹென்றிக்காகப் பேராயர் கிரான்மர் தீர்ப்புச் சொன்னார். மகள் முறை தவறிப் பிறந்தவள் ஆனாள். 1536 சனவரியில் தாய் சாகக் கிடந்தபோதுகூட முகம் பார்க்க விடவில்லை. அதே வருடம் மிரட்டி இப்படி ஒரு எழுத்தில் கையெழுத்து வாங்கினார்கள்: திருச்சபைக்குத் தலைவர் பாப்பரசர் இல்லை, ராஜாதான். தாயின் கல்யாணம் முறையற்றது. இருபது வயதுப் பெண், பெற்றவளையும் விசுவாசத்தையும் மறுத்து எழுதிக் கொடுத்தாள். அந்த இரவு அவள் எப்படித் தூங்கியிருப்பாள் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

1553இல் அவள் ராணியானதும் ஊர்களில் ஒளித்து வைத்திருந்த பூசைப் பாத்திரங்களும் சுரூபங்களும் வெளியே வந்தன. மறு வருடம் நவம்பர் 30 அன்று பாப்பரசரின் தூதராக வந்த கர்தினால் ரெஜினால்ட் போல், பாராளுமன்றத்தார் முழந்தாளிட்டிருக்க, பாப்பரசரை விட்டுப் பிரிந்ததற்காக நாட்டுக்கே பாவ மன்னிப்பு வழங்கினார். ஹென்றி பறித்து விற்ற மடத்து நிலங்களை வாங்கியிருந்தவர்கள் மட்டும் அவற்றைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள். அதோடு நின்றிருந்தால் போதும். அந்தச் சனங்களிடம் பழைய பக்தி இருந்தது, பொறுமையாக வளர்த்திருக்கலாம். ஆனால் 1555 பிப்ரவரியில் மனிதர்களை எரிக்கத் தொடங்கினார்கள்.

என் மனசை அறுப்பது கிரான்மர் கதைதான். சிறையில் கிடந்த அந்தக் கிழவர், தம் சீர்திருத்தக் கொள்கையை மறுத்துப் பலமுறை எழுதிக் கொடுத்தார். மனம் திரும்பியவரை எரிப்பது வழக்கமில்லை. மேரி விடவில்லை. 1556 மார்ச் 21 அன்று எல்லோர் முன்னாலும் அந்த எழுத்தை வாபஸ் வாங்கி, கையெழுத்துப் போட்ட வலது கையை முதலில் நெருப்பில் நீட்டினார். பயத்தில் போட்ட கையெழுத்து என்னவென்று அந்த நாட்டில் மேரிக்குத் தெரியாதா? தெரிந்தவளே அதைச் செய்தாள்.

போன கிறிஸ்துமஸுக்கு நீ வந்தபோது, ஞாயிறு பூசையை விடமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அழுதுகொண்டே செய்தாய். அந்தச் சத்தியத்திலிருந்து உன்னை விடுவிக்கிறேன், கண்ணு. நான் அதைக் கேட்டிருக்கவே கூடாது.

லண்டன் போனால் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்குப் போய்ப் பார். மேரியும் தங்கை எலிசபெத்தும் ஒரே கல்லறையில் இருக்கிறார்கள். மேலே படுத்திருக்கும் சிலை எலிசபெத்துடையது மட்டும். கீழே இருப்பவளுக்காக ஒரு அருள்நிறை மரியே செபம் சொல். உனக்குத் தோன்றினால் சொல்.

அன்புடன்,
அம்மா