வரலாற்று நாவலாசிரியர்களுக்கு: சான்றுகளையும் கையோடு கொண்டு வாருங்கள்

மதிப்பிற்குரிய எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். புதிய நாவலைப் பற்றிப் பேசப் பொது நூலகத்து வாசகர் வட்டக் கூட்டங்களுக்கு வருகிறீர்கள். மகிழ்ச்சி. ஆனால் வந்து என்ன பேசுகிறீர்கள்? கதைச் சுருக்கம், எழுத எத்தனை ஆண்டு ஆயிற்று, எந்தெந்தக் கோயிலுக்குப் போனீர்கள் என்பதோடு நேரம் முடிந்துவிடுகிறது. பிறகு பொன்னாடை, நன்றியுரை. நாவலைப் படிக்காதவருக்கு முடிச்சு முன்கூட்டியே அவிழ்ந்துவிடுகிறது. படித்தவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

நாங்கள் கேட்க வருவது ஒன்றைத்தான். உங்கள் நாவலில் சான்று எதுவரை, கற்பனை எங்கிருந்து?

உடையார்குடிக் கல்வெட்டையே பாருங்கள். சோழ மன்னன் முதலாம் இராசராசன் காலத்து அந்தக் கல், அவனுடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்களுடைய சொத்தும் உறவினர் சொத்தும் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலில் நந்தினி நுழைந்தாள். எந்தக் கல்வெட்டிலும் இல்லாத அவளை இன்று நம்மில் பலர் சரித்திரப் பெண்ணாகவே நம்புகிறோம். அது கல்கியின் வெற்றி, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கல்வெட்டு வாசகத்தை முதலில் படித்துக் காட்டி, பிறகு நாவலின் அத்தியாயத்தை ஒருவர் வாசித்தால், ஒரு நாவலாசிரியரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது அரை மணி நேரத்தில் விளங்கிவிடும். உங்கள் நாவலுக்கும் அப்படியொரு கல்லோ செப்பேடோ கடிதமோ இருக்கத்தானே வேண்டும்? அதைக் காட்டுங்கள்.

டால்ஸ்டாய் 1868-இல் ‘போரும் வாழ்வும்’ பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வரலாற்று மனிதர்கள் பேசும் இடங்களில் தான் எதையும் இட்டுக்கட்டவில்லை, ஆதாரம் தேடியதில் ஒரு நூலகமே சேர்ந்துவிட்டது, தலைப்புகளை இங்கே அடுக்கத் தேவையில்லை, கேட்டால் காட்டத் தயார் என்பது அதன் சாரம். (அடுக்கியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றும்.) நெப்போலியன் படையோடு மோதிய போரோடினோ களத்தில் ஒரு காலை இழந்த ரஷ்யரான நோரோவ் அந்த நாவலைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். நாவலின் மதிப்பு அதனால் குறைந்துவிட்டதா என்ன? கேள்வி கேட்கும் வாசகரைக் கண்டு நீங்களும் அஞ்ச வேண்டியதில்லை.

அஞ்ச வேண்டியது வேறொன்றை. கேள்வி நேரத்தில் யாராவது எழுந்து, ‘இந்த மன்னர் எங்கள் சாதிதானே?’ என்பார். அப்போது புன்னகையோடு நழுவுகிறீர்கள். சிலர் தலையாட்டியும் விடுகிறீர்கள். நீங்கள் கற்பனை செய்த ஒரு வம்சாவளி அடுத்த மாதம் ஒரு சுவரொட்டியில் வரலாறாக ஏறிவிடுகிறது. ‘அந்தப் பகுதி என் புனைவு, சான்றில் இல்லை’ என்று ஒலிபெருக்கியில் சொல்ல ஒரு நிமிடம் போதும். சொல்லாமல் விடுவதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். விற்பனைக் கணக்கு என்றே எடுத்துக்கொள்வேன்.

மொழியைப் பற்றியும் பேசுங்கள். பத்தாம் நூற்றாண்டுப் படகோட்டி எப்படிப் பேசினான் என்று யாருக்கும் தெரியாது. அரசன் செந்தமிழிலும் வேலைக்காரன் இன்றைய கொச்சையிலும் பேசுவது நீங்கள் எடுத்த முடிவு. ஏன் அப்படி எடுத்தீர்கள்? பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியை எழுதுகிறவருக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. அன்றைய தமிழ் அதில் அப்படியே கிடக்கிறது. சோழர் காலத்தை எழுதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி மட்டுமே ஒரு கூட்டம் நடத்தலாம்.

இதற்கெல்லாம் நூலகத்தை விடப் பொருத்தமான இடம் எது? நீங்கள் புரட்டிய கல்வெட்டுத் தொகுதிகளும் சோழர் வரலாறு எழுதிய நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் பெரிய நூலகங்களின் குறிப்புதவிப் பிரிவில் இருக்கிறார்கள். அவற்றைப் பெரும்பாலும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். எனவே, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே நீங்கள் பயன்படுத்திய நூல்களின் பட்டியலை நூலகருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் எடுத்து மேசையில் வைக்கட்டும். பேச்சைப் பாதியாகக் குறைத்துக்கொண்டால், மீதி நேரத்தில் அவற்றைப் புரட்டியபடியே உங்களிடம் கேட்போம்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தில் ஒருவர்