கொல்லையைக் கல் போட்டு மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பாழடைந்த வீட்டுத் தோட்டத்தைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் கொரியன் புல், பேவர் பிளாக், நீரூற்று, பீங்கான் தொட்டி என்று அதில் சொல்லியிருந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மாதச் சம்பளத்தில் ஓடும் எந்தக் குடும்பமும் 'நமக்கு இது ஆகாது' என்று பக்கத்தைத் திருப்பிவிடும். அந்த வருத்தத்தில்தான் எழுதுகிறேன். மன்னார்குடியில் எங்கள் அம்மா வீட்டுக் கொல்லையை நான் 8,400 ரூபாயில் மீட்டேன். எப்படி என்று சொன்னால் நாலு பேருக்கு உதவும். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா போனபின் 2017இல் வீட்டைப் பூட்டிவிட்டு நானும் தம்பியும் அவரவர் ஊருக்குப் போய்விட்டோம். அடுத்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை, எங்கள் ஊர் என்று அது போன வழியெல்லாம் தென்னை சாய்ந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் ஐந்து சென்ட் கொல்லையில் நின்ற நாலு தென்னையில் இரண்டு விழுந்தன, மாமரம் நடுவில் பிளந்தது. ஓடி வந்து பார்த்தோம், விழுந்த மரங்களை மதில் ஓரமாக உருட்டிவிட்டோம், மறுபடி பூட்டினோம். 2024 ஜனவரியில் பணி ஓய்வு பெற்று நான் திரும்பி வந்தபோது பின்கதவைத் திறக்க முடியவில்லை. கோவைக்கொடி தாழ்ப்பாளுக்குள்ளேயே புகுந்து முறுக்கிக்கொண்டிருந்தது. அரிவாளால் அறுத்துத்தான் வெளியே கால் வைத்தேன். ஆள் உயரத்துக்குப் பார்த்தீனியம், மூலைக்கு மூலை சீமைக்கருவை, அம்மா துவைத்த கல் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

தம்பி ஒரு ஒப்பந்தக்காரரைக் கூட்டிவந்தான். அவர் அளந்து பார்த்துவிட்டு, முக்கால்வாசி இடத்துக்குப் பேவர் பிளாக், மீதிக்குப் புல், மொத்தம் 1,60,000 ரூபாய் என்றார். பாம்பு வராது, கொசு வராது, கூட்டிப் பெருக்கச் சுலபம் என்று தம்பி சொன்ன காரணங்களில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் பத்து வருஷத்துக்குள் ஒவ்வொரு வீடாக முன்பக்கமும் பின்பக்கமும் இப்படி மூடிக்கொண்டே வந்ததில், ஐப்பசி மழைக்கு முன்பெல்லாம் அரை மணியில் வடிந்துவிடும் தண்ணீர் இப்போது மறுநாள் காலைவரை நிற்கிறது. அதே தெருவில் சித்திரையில் கிணறு வற்றுகிறது. 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது அம்மா ஆள் வைத்துக் குழி வெட்டி, கூழாங்கல்லும் மணலும் போட்டு, கூரைத் தண்ணீர் கிணற்றுப் பக்கம் இறங்கும்படி குழாய் போட்டு வைத்தார். அந்தக் குழியின் மேலேயே கல் பாவுவதாக அந்த ஒப்பந்தக்காரர் சொன்னதும் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சரி, செய்த வேலைக்கு வருகிறேன். முதல் செலவு ஆள் கூலி. இரண்டு பேர், மூன்று நாள், ஆளுக்கு 800 வீதம் 4,800. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதுதான். இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். வருஷக்கணக்காக யாரும் நடக்காத கொல்லையில் நீங்களே தனியாக இறங்கி மட்டைக் குவியலுக்குள் கையை விடக் கூடாது. வந்த பெரியவர் முதலில் ஒரு நீளக் கழியால் தரையைத் தட்டிக்கொண்டே நாலு மூலையும் நடந்தார், அப்புறம்தான் அரிவாளை எடுத்தார். பாம்பு கண்ணில் பட்டால் அடிக்கப் போகாமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து பிடித்துப்போகிறார்கள். பார்த்தீனியத்தை வெறும் கையால் பிடுங்காதீர்கள், தோலில் அரிப்பு வந்தால் லேசில் போகாது. பூக்கும் முன்னால் வேரோடு எடுத்துவிட்டால் அடுத்த வருஷ வேலை பாதி குறையும்.

குப்பையைக் கொளுத்திவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியவர், "இருங்கம்மா, முதல்ல கட்டைய பாப்போம்" என்று கஜாவில் விழுந்த தென்னை மரத்தைக் கடப்பாரையால் பிளந்தார். வெளியே மரம் மாதிரி இருந்தது உள்ளே ஈரச் சாம்பல் போல உதிர்ந்தது. அதற்குள் கட்டைவிரல் தடிமனில், அரைவட்டமாகச் சுருண்டு, வெள்ளை வெளேரென்று புழுக்கள், தலை மட்டும் பழுப்பு. ஒரு முழக் கட்டையில் 23 எண்ணினேன். காண்டாமிருக வண்டின் புழு அது. மீதி நின்ற இரண்டு தென்னையின் மட்டைகள் கத்தரிக்கோல் வைத்து விசிறி போல வெட்டினதாகத் தெரிந்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தாமல் விட்டதால் நிற்கிற மரத்துக்கு நாங்களே எதிரியை வளர்த்திருக்கிறோம். பக்கத்து வீட்டு அக்கா கோழிகளைத் திறந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் புழு இல்லை. கஜா மரங்கள் இன்னும் மதில் ஓரம் கிடக்கிற வீடுகள் டெல்டாவில் நிறைய உண்டு. அவர்கள் வேறெதையும் செய்யாவிட்டாலும் அந்தக் கட்டையைப் பிளந்து பார்க்கட்டும். பறக்கிற வண்டுக்கு, ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சின்ன மண்சட்டிகளில் ஊற்றி ஆங்காங்கே வைத்தால் அந்த வாடைக்கு வந்து விழுந்துவிடும். இது வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் முறை.

அதே தென்னைகளின் ஓலை கரி பூசினாற்போல் கறுத்திருந்தது. நோய் என்று பயந்தேன். ஓலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ இப்போது எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. அது விடும் இனிப்புக் கசிவில் கறுப்புப் பூஞ்சை படர்கிறது, அவ்வளவுதான். மருந்து அடித்தால் ஈயைத் தின்னும் நல்ல பூச்சியும் சேர்ந்து சாகும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டு, எட்டுகிற ஓலையின் அடியில் ஓஸ் பைப்பால் வேகமாகத் தண்ணீர் அடித்தேன். முழுசாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

கோரைதான் என்னை உண்மையிலேயே அழவைத்தது. மேலே பிடுங்கினால் புல் கையோடு வரும், கிழங்கு மண்ணில் தங்கிவிடும், பத்து நாளில் மறுபடி பச்சை. களைக்கொல்லி வாங்கச் சொன்னார்கள், எனக்கு மனசு வரவில்லை. தெருவில் கல்யாணம் முடிந்து அவிழ்த்த ஃபிளெக்ஸ் பேனர் நாலைந்தைக் கேட்டு வாங்கி, பாத்தி போட நினைத்த இடத்தில் வெளிச்சம் புகாதபடி இரண்டு மடிப்பாக விரித்து, ஓரத்தில் உடைந்த செங்கல் வைத்து, மாசிக் கடைசியிலிருந்து சித்திரைக் கடைசிவரை அப்படியே விட்டேன். செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. எடுத்தபோது கோரை வெளுத்துப் படுத்திருந்தது. கிழங்கு எல்லாம் சாகாது, தப்பியது முளைக்கும்தான், ஆனால் முளைக்க முளைக்கச் சின்னக் கொத்தால் தோண்டி எடுத்தால் ஒரு வருஷத்தில் கைக்கு அடங்கிவிடுகிறது. தோண்டிய கிழங்கைக் கழுவிக் காயவைத்துக் குளியல் மாவு அரைக்கும்போது சேர்த்துக்கொண்டேன்.

முளைத்ததையெல்லாம் களை என்று வாரிப் போட்டுவிடாதீர்கள். வேலியில் முடக்கத்தான் படர்ந்திருந்தது, விட்டுவைத்தேன், வாரம் ஒருநாள் தோசைக்கு ஆகிறது. கீழாநெல்லி, தும்பை, மூக்கிரட்டை எல்லாம் ஓரத்தில் ஒரு முழ அகலத்துக்கு இருந்துவிட்டுப் போகட்டும்.

மண்ணுக்கு வருவோம். எங்கள் மண் களி. மழையில் பிசுபிசுக்கும், வெயிலில் பாளமாக வெடிக்கும். அரிசி ஆலையில் கொதிகலனில் எரித்த உமிச் சாம்பலைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொன்னார்கள், வண்டிக்கூலி மட்டும் 300. மாட்டெரு ஒரு டாட்டா ஏஸ் நிறைய 1,800. ஃபிளெக்ஸை எடுத்த கையோடு வைகாசியில், மண்ணிலேயே மடக்கி உரமாக்கும் தக்கைப்பூண்டு விதைத்தேன். நாற்பத்தைந்து நாளில் இடுப்பளவு வந்ததும், பூக்கவிடாமல் வெட்டி அங்கேயே போட்டு எருவும் சாம்பலும் சேர்த்துக் கொத்திவிட்டேன். வயலுக்குச் செய்வதுதான், கொல்லைக்கும் பொருந்தும். ஆடி பிறக்கும்போது கடப்பாரை போட்டுக் கொத்திய இடத்தில் மண்வெட்டி இறங்கியது. கடைகளில் அழகான பையில் விற்கும் மண் கலவைக்குச் செலவழிக்கும் காசில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும். கட்டுரையில் மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது.

குளியலறைத் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சின்ன வாய்க்கால் வெட்டித் திருப்பி, வழியில் கல்வாழை நாலு நட்டு, கடைசியில் பூவனும் மொந்தனும் ஒவ்வொரு கன்று வைத்தேன். கன்றுகள் அக்கா கொடுத்தது. அம்மா காலத்திலும் வாழை அங்கேதான் நின்றது. தண்ணீர் தேங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கொசு வராது. கொசு வருவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், உடைந்த தொட்டி, இவற்றில் நிற்கும் தண்ணீரில்தான், அதையெல்லாம் முதல் நாளே கவிழ்த்தாயிற்று.

செடி வாங்கிய செலவு மிகக் குறைவு. நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போய் விவரம் கேட்டு வந்தேன். விதைக்கும் புண்ணாக்குக்கும் சேர்த்து 600, ஓஸ் பைப்புக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் 900. மீதியெல்லாம் அக்கம்பக்கம் கேட்டு ஒடித்து வந்தவை. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ எல்லாம் பென்சில் தடிமனில் ஒரு சாண் குச்சி ஒடித்து நட்டால் மழைக்காலத்தில் பிடித்துவிடும். கத்தரி, வெண்டை, புடலை, பீர்க்கு ஆடியில் போட்டோம். அவரையும் ஆடியில்தான் போட்டது, ஆனால் அது தையில்தான் காய்க்கும், நடுவில் இலை மட்டுமே வருகிறது என்று பிடுங்கிவிடாதீர்கள். முருங்கைக்குப் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 விதையை மண் மேடாக்கி அதன் மேல் போட்டேன், ஆறு மாதத்தில் பூத்துவிட்டது. பப்பாளியைப் பள்ளத்தில் வைத்தது என் தவறு. ஐப்பசியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றதில் மூன்றும் அழுகிப்போயின. டெல்டாவில் பப்பாளியும் முருங்கையும் மேட்டில்தான் வைக்க வேண்டும், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். பாத்தி ஓரத்துக்கு, இடிந்த மாட்டுக் கொட்டகையின் நாட்டு ஓடுகளைப் பாதி புதைத்து நிறுத்தினேன். துவைகல்லைக் கழுவி விட்டேன், சாயங்காலம் உட்கார அதுதான்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் அம்மா வைத்த மல்லிகை இருந்தது. கோவைக்கொடி மூடி, விறகு மாதிரி காய்ந்து, நாலைந்து இலை மட்டும். வெட்டிப் போட்டுவிடலாம் என்று பெரியவரும் சொன்னார். எனக்கு மனசில்லை. நவம்பர் கடைசி வாரம் கவாத்து செய்ய வேண்டும் என்று நீடாமங்கலத்தில் சொல்லியிருந்தபடி, கார்த்திகையில் தரையிலிருந்து ஒரு முழம் விட்டுக் கிளை எல்லாவற்றையும் வெட்டினேன். காய்ந்த குச்சியை அடியோடு எடுத்து, சுற்றிக் கொத்தி, ஒரு கூடை எருவும் இரண்டு பிடி வேப்பம்புண்ணாக்கும் வைத்தேன். மார்கழி முழுக்க ஒன்றும் இல்லை. தை பத்தாம் தேதி வாக்கில் கருவிறகு போலிருந்த கிளையின் கணுவில் கடுகளவு பச்சை. பங்குனியில் முதல் நாள் 11 மொட்டு. ஊசி நூல் எடுத்து வந்து கோத்து அம்மா படத்துக்குப் போட்டேன்.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. இணைப்பில் வாரம் கால் பக்கம், அந்தந்த ஊர் மண்ணுக்கும் மாதத்துக்கும் ஏற்ற கொல்லை வேலையை எழுத இடம் கொடுங்கள். தோட்டக்கலைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், கேட்டால் எழுதுவார்கள். நகராட்சிகளும் வாசலில் இலைச் சருகை எரிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு போகாமல், அதைத் தனியாக வாங்கி உரமாக்கி வீடுகளுக்கே குறைந்த விலையில் தரட்டும். கிடைத்தால் முதல் மூட்டை நான் வாங்குவேன்.

தம்பி போன மாதம் வந்திருந்தான். பேவர் பிளாக் பேச்சை எடுக்கவில்லை, போகும்போது ஒரு பை நிறைய முருங்கைக்காய் கொண்டுபோனான். வருகிற கார்த்திகையில் மல்லிகையை மறுபடி வெட்டும்போது குச்சி நிறையக் கிடைக்கும். எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்குத் தருவதாக இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி