உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் இந்தியா: தமிழ்ப் பதிவேட்டுக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2023-இல் சீனாவின் செங்டுவில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியில் இந்தியா 11 தங்கம், 5 வெள்ளி, 10 வெண்கலம் என 26 பதக்கங்களோடு ஏழாவது இடம் பிடித்தது. 1959-இல் இத்தாலியின் தூரின் நகரில் இப்போட்டி தொடங்கியதிலிருந்து அதுவரை நாம் வாங்கியது அத்தனையையும் கூட்டினாலும் 26 தேறாது. அந்தப் பழைய பதக்கங்களை வாங்கியவர்கள் யார்? இந்தர்ஜீத் சிங், சஞ்சீவனி ஜாதவ், டூட்டி சந்த் என்று அண்மைக் காலப் பெயர்களைச் சொல்லிவிடலாம். அதற்கு முன்னே போகப் போக விவரம் கிடைப்பது அரிது.

ஆகவே, இதுவரை இந்தியாவிலிருந்து போனவர்கள் அனைவரின் விவரத்தையும் தமிழில் தொகுத்து, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் வைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பதக்கம் வாங்கியவர்கள் மட்டுமல்ல, நான்காவதாக வந்தவர்களும் முதல் சுற்றிலேயே வெளியேறியவர்களும் இதில் இருப்பார்கள்.

பதக்கப் பட்டியல் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. செங்டுவின் 11 தங்கமும் துப்பாக்கி சுடுதலிலும் வில்வித்தையிலும் வந்தவை. தடகளத்தில் ஒன்றுகூட இல்லை. ஆனால் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஜோதி யாராஜி 12.78 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தது அங்கேதான். பட்டியலில் அது வெறும் ஒரு வெண்கலம். 2019-இல் நேப்பிள்ஸில் டூட்டி 100 மீட்டரை 11.32 வினாடியில் முடித்து வென்ற தங்கமும் அப்படித்தான், ஓர் எண்ணாகச் சுருங்கிக் கிடக்கிறது.

2025-இல் ஜெர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் 12 பதக்கங்கள். நம்மூர் பிரவீன் சித்திரவேல் மும்முறைத் தாண்டுதலில் 16.66 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். பேட்மின்டன் கலப்பு அணிக்கு வெண்கலம். பெயர் கொடுப்பதில் நேர்ந்த நிர்வாகக் குளறுபடியால், அங்கே போன 12 பேட்மின்டன் வீரர்களில் 6 பேர்தான் களமிறங்க முடிந்தது. மற்ற ஆறு பேரை எந்தப் பட்டியலில் தேடுவது? எங்கள் பதிவேட்டில் அவர்களுக்கும் ஆளுக்கொரு பக்கம் உண்டு.

செலவு எதற்கென்றால்: பழைய நாளிதழ்க் கட்டுகளையும் பல்கலைக்கழக ஆண்டு மலர்களையும் ஸ்கேன் செய்ய வேண்டும், பல ஊர்களில் இருக்கும் மூத்த வீரர்களை நேரில் பார்த்துப் பேச பஸ், ரயில் கட்டணம் வேண்டும், தளத்தை நடத்த ஆண்டு வாடகை வேண்டும். தொகுப்பவர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை. பெரிய நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாகக் கேட்கலாமே என்ற யோசனையும் வந்தது. முகப்பில் விளம்பரம் கேட்பார்கள் என்று தவிர்த்தோம்.

நூறு ரூபாயும் சரி, ஆயிரமும் சரி. வங்கிக் கணக்கு விவரம் இத்துடன் உள்ள படிவத்தில் இருக்கிறது. 80ஜி வரிச்சலுகை எங்களுக்கு இன்னும் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். ரசீது அனைவருக்கும் உண்டு. வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுவோம்.

பணம் தர இயலாதவர்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். சான்றிதழ், அணிப் படம், மார்பில் குத்திய எண் துணி, எதுவானாலும் போனில் படமெடுத்து அனுப்பினால் போதும். அசலை அனுப்ப வேண்டாம்; தபாலில் தொலைந்தால் எங்களால் ஈடுகட்ட முடியாது.

இப்படிக்கு,
பதிவேட்டுக் குழுவினர்