வேறுபட்ட குழந்தை ஊரைக் காப்பாற்றத்தான் வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தால் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்த சிறு நூல்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கின்றன. தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதை மனதார வரவேற்கிறேன். இனி வர வேண்டிய படப் புத்தகங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

மற்றவர்களைப் போல் இல்லாத குழந்தையை நாயகனாக்கும் கதைகளில் பல ஒரே தடத்தில் நடக்கின்றன. காலை இழுத்து நடக்கும் சிறுவனையோ திக்கிப் பேசும் சிறுமியையோ எல்லோரும் கேலி செய்வார்கள்; ஒரு நாள் ஊருக்கு ஆபத்து வரும்; எதைக் காரணம் காட்டி ஒதுக்கினார்களோ அதுவே ஊரைக் காப்பாற்றும்; கடைசிப் பக்கத்தில் மாலை விழும். எழுதியவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், பயன்பட்டால்தான் சேர்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனை இக்கதைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. எவரையும் காப்பாற்றாமல் மூன்றாவது வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு இதில் என்ன இடம் இருக்கிறது?

சக்கர நாற்காலியில் செல்லும் ஒரு சிறுமி தம்பியோடு சந்தைக்குப் போய் மாங்காய் வாங்கி வருவது மட்டுமே கதையாக உள்ள ஒரு புத்தகத்தை ஏற்காட்டில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ‘ஐயோ பாவம்’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. “நம்ம ஸ்கூல் படியில இந்த அக்கா எப்படி ஏறுவாங்க டீச்சர்?” என்று மூன்றாம் வகுப்புச் சிறுவன் கேட்டான். தூக்கிக்கொண்டு போகலாம் என்றான் இன்னொருவன். தூக்கினால் அந்த அக்காவுக்குப் பிடிக்காது என்று மறுத்த ஒரு சிறுமி, லாரியில் காப்பி மூட்டை ஏற்றப் போடும் பலகையைப் போட்டால் போதும் என்றாள். கல்வி நிலையக் கட்டடங்கள் மாற்றுத்திறனாளிகள் எளிதில் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் சொல்வதை, சட்டம் அறியாத அந்தப் பிள்ளைகள் ஒரு படத்தைப் பார்த்தே எட்டிவிட்டார்கள்.

உடற்குறைபாடு மட்டுமே வேறுபாடு அன்று. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். சாமையும் கேழ்வரகும் விளைவிப்பவர்கள். காப்பித் தோட்டங்களில் உழைப்பவர்கள். ஆனால் நம் சிறுவர் நூல்களில் மலைவாழ் மக்கள் என்றாலே இலைதழை உடுத்தி ஈட்டி ஏந்திய உருவங்களே இன்னும் வரையப்படுகின்றன. தன் பாட்டியையோ வீட்டையோ எந்தப் பக்கத்திலும் காணாத மலைக் குழந்தை, புத்தகம் என்பதே சமவெளியில் வாழ்பவர்களுக்கு உரியது என்று எண்ணிவிடும். சேலத்துப் பள்ளிகளில் வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ இந்தியோ பேசிவிட்டு வரும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கதாநாயகியைச் சிவப்பாக மட்டுமே தீட்டும் வழக்கத்தைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம்.

சொத்து வரியோடு நூலக வரியும் செலுத்துகிறோம் என்ற உரிமையில் கேட்கிறேன். பொது நூலகங்களுக்கு நூல் வாங்கும்போது பக்கங்களை எண்ணி விலை மதிப்பிட்டால், கெட்டித் தாளில் பல வண்ணத்தில் வரும் 24 பக்கப் படப் புத்தகம் கட்டுப்படியாகாது. ஆகவே நூலகக் கொள்முதலில் இவற்றுக்குத் தனி அளவுகோல் வகுக்க வேண்டும். நூல் தேர்வுக் குழுவில், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் ஒருவரும் மாற்றுத்திறனாளி வாசகர் ஒருவரும் இடம்பெற வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழியும் உண்டு: சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள், எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தும் திறந்த உரிமத்தில் கிடைப்பதால், நல்லவற்றைத் தேர்ந்து பள்ளிகளே அச்சிட்டுக்கொள்ளலாம். பார்வையற்ற பிள்ளைகளுக்காக, பிரெயில் எழுத்தும் விரலால் தடவி அறியும் படங்களும் கொண்ட தமிழ் நூல்கள் மாவட்ட மைய நூலகத்தின் சிறுவர் பிரிவில் மற்றப் புத்தகங்களோடு ஒரே அடுக்கில் வைக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.