பதினான்கு பிள்ளைகளுக்கு இரண்டு பந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விளையாட்டு முகாம்களைப் பற்றிச் சென்ற வாரம் வந்த கட்டுரையில் கட்டணம், நேரம், சீருடை எல்லாம் இருந்தன. பந்தைப் பற்றி ஒரு வரி இல்லை. முப்பது வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவன் கண்ணில் அதுதானே முதலில் படும்?

ஏழு வயதுப் பேத்தியை ஒரு கால்பந்து முகாமில் சேர்த்தோம். முதல் நாள் வேலியோரம் நின்று பார்த்தேன். பதினான்கு பிள்ளைகள், இரண்டு பந்து. வரிசையில் நின்று ஒவ்வொருவராக, தரையில் வைத்த ஆறு பிளாஸ்டிக் கூம்புகளை, அதாவது கோன்களை, சுற்றிப் பந்தைக் காலால் ஓட்டி வர வேண்டும். முக்கால் மணி நேரத்தில் பேத்தியின் முறை ஐந்து தடவைதான் வந்தது. மற்ற நேரமெல்லாம் முன்னால் நின்ற பையனின் சட்டையில் தொங்கிய நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பந்தும் பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் அளவு. எடை 410 கிராமுக்குக் குறையாது. அவள் வயதுக்கு மூன்றாம் எண் போதும். பெரிய பந்தைக் கொடுத்தால் பிள்ளை கட்டைவிரலால் குத்தித் தள்ளிவிட்டு, அதன் பின்னாலேயே ஓடும். டிரிப்ளிங் என்றால் பாதத்தின் உட்புறம், வெளிப்புறம், உள்ளங்கால் என்று மாற்றி மாற்றித் தொட்டு, பந்து நம் காலை விட்டு அகலாமல் வர வேண்டும்.

கோன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அது நகராது, பந்தைப் பிடுங்கவும் வராது. அதனிடம் பொய் சொல்ல வேண்டியதில்லை. டிரிப்ளிங்கில் பாதி பொய்தான்: தோளை இடப்பக்கம் சாய்த்துவிட்டு வலப்பக்கம் நழுவுவது. ஓடிப்பிடித்து விளையாடும் எந்தப் பிள்ளைக்கும் இது வரும். காலில் பந்தைச் சேர்ப்பதுதான் பாக்கி. நான் ஆளுக்கொரு பந்து கொடுத்து, இடுப்பில் கைக்குட்டையை வாலாகச் செருகிவிடுவேன். தன் பந்தை விடாமல் அடுத்தவன் வாலைப் பிடுங்க வேண்டும். தலை தானாக நிமிர்ந்துவிடும்; "கீழே பார்க்காதே" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியதில்லை. பந்து பற்றாத வருடங்களில் டென்னிஸ் பந்து, அதுவும் இல்லையென்றால் பழைய சாக்ஸுக்குள் செய்தித்தாளை அடைத்த உருண்டை. பெலேயே சிறு வயதில் அப்படி ஒன்றைத்தான் உதைத்தார்.

ஜெர்மனியில் 2024 முதல் மிகச் சிறிய பிள்ளைகளை அணிக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்றுதான் ஆட விடுகிறார்கள், நான்கு சின்ன கோல்களை வைத்து. எல்லார் காலுக்கும் பந்து வர வேண்டும் என்பதற்காகத்தான். அந்த முகாமில் கடைசிப் பத்து நிமிடம் எல்லாரையும் பெரிய மைதானத்தில் இறக்கிவிட்டார்கள். பந்தைச் சுற்றி ஒரே ஈக்கூட்டம். பேத்தி எப்படியோ பந்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உடனே வேலியோரத்திலிருந்து, "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு!" திடுக்கிட்டு யாருக்கோ தட்டிவிட்டாள். கத்தியவர்களில் என் மகனும் ஒருவன். அவனிடம் வீட்டில் பேசிக்கொள்கிறேன்.

அடுத்த முறை முகாம்களின் பட்டியல் போடும்போது, எத்தனை பிள்ளைக்கு எத்தனை பந்து, எந்த எண் பந்து என்றும் விசாரித்துப் போடுங்கள். இப்போதைக்குப் பேத்தி மொட்டைமாடியில் என் வாலைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
திருச்சி