ஆயிரம் மேற்கோளுக்கும் ஒன்றுதான்

ஐயா,

கல்லூரி நூலகராக 26 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆசிரியர்களின் பதவி உயர்வு விண்ணப்பங்களுக்கு மேற்கோள் கணக்கு, அதாவது அவர்கள் எழுதியதைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள் என்ற எண்ணிக்கை, எடுத்துக் கொடுப்பதும் என் வேலைதான். அறிவியல் தத்துவப் பேராசிரியை ஒருவர், எட்டு ஆண்டுகள் உழைத்து எழுதிய நூலோடு வந்தார். படிவத்தில் நூலுக்குக் கட்டமே இல்லை. 'எச்-இண்டெக்ஸ்' கட்டத்தில் 3 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் உறுத்துகிறது.

மேற்கோள்களை வைத்து ஓர் ஆய்வாளரை மதிப்பிட 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த அளவுகோல் அது. பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறை மேற்கோள் காட்டப்பட்டால் 10 கிடைக்கும். ஒரே நூலை ஆயிரம் பேர் காட்டினாலும் அதனால் கூடுவது ஒன்றுதான். அறிவியல் தத்துவ அறிஞர் தாமஸ் கூன் 1962-ல் வெளியிட்ட 'அறிவியல் புரட்சிகளின் அமைப்பு' நூலை வரலாறு, சமூகவியல், கல்வியியல் என்று எத்தனையோ துறையினர் எடுத்தாண்டார்கள். ஒரு துறையினர் பொதுவாக ஏற்றுக்கொண்ட சிந்தனைச் சட்டகத்தைக் குறிக்கும் 'பாரடைம்' என்ற சொல் ஊரெல்லாம் பரவியதே அந்த நூலால்தான். அதற்கும் இந்தக் கணக்கில் ஒன்று!

மறுத்து எழுதியவர்கள் காட்டிய மேற்கோளும் ஏற்று எழுதியவர்கள் காட்டியதும் ஒரே எண்ணில்தான் சேர்கின்றன. தேர்வுக் குழுவில் அந்தத் துறை படித்த ஒருவராவது உட்கார்ந்து, நூலைப் பிரித்துப் படித்து மதிப்பிட வேண்டும். படிவத்தில் நூலுக்கு ஒரு கட்டமும் வேண்டும்.

— ஓய்வுபெற்ற நூலகர், திருச்சி