அம்மிணிக்கு, கயாக் விஷயமாக

கோபிசெட்டிபாளையம்
மார்கழி மாதம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ அனுப்பின இரண்டு கயாக் படகின் படத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதுபண்ணிப் பார்த்தேன். அந்தப் பச்சை நிற ஒன்பதடிக் கயாக்கை வாங்குவதென்று பாதி முடிவு பண்ணிவிட்டாய் போலத் தெரிகிறது. விலை பாதிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேண்டாம் சாமி.

உங்களுக்குக் கயாக்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பாய். போன வருஷம் ஆஸ்திரேலியாவில் உங்கள் ஊர் பெர்த்துக்கு வந்தபோது ஸ்வான் ஆற்றில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன் அல்லவா, அது கொஞ்சம். மீதியெல்லாம் தண்ணீர்த் தொட்டி கற்றுக்கொடுத்தது. 22 வருஷம் தொட்டி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். அந்த வாடகைக் கயாக்கைக் கவிழ்த்துப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, நம் மொட்டை மாடியில் நிற்கிற கறுப்புத் தொட்டியும் அதுவும் அண்ணன் தம்பி. பாலி எத்திலீன் என்கிற பிளாஸ்டிக் தூளை எடை போட்டு அச்சுக்குள் கொட்டி மூடி, அடுப்புக்குள் இரண்டு வாட்டத்திலும் உருட்டிக்கொண்டே சூடு ஏற்றினால், தூள் உருகி உள்சுவர் முழுக்கப் படிந்துவிடும். ஆறினதும் ஒட்டே இல்லாத முழுப் பொருளாக வெளியே வரும். இதைத்தான் ரோட்டோ மோல்டிங் என்போம். உன் பச்சைக் கயாக்கும் இதே வகைதான். பாறையில் இடித்தாலும் தாங்கும், விலையும் மலிவு. கனம்தான் சனியன். எடையைக் குறைக்கிறேன் என்று தூளைக் குறைத்தால் சுவர் தொளதொளவென்று ஆகிவிடும். அதிலும் மேலே உட்கார்ந்து ஓட்டுகிற சிட் ஆன் டாப் வகைக்கு மேல்தளமும் முழுசாக வேண்டும், பிளாஸ்டிக் கூடுதலாகப் பிடிக்கும். பத்து, பன்னிரண்டு அடியில் 22 கிலோவிலிருந்து 30 கிலோ வரை வந்து நிற்கும்.

நீ அனுப்பின இன்னொன்று, வெள்ளையும் சிவப்புமாக இருக்கிற பன்னிரண்டடி, ஏ.பி.எஸ். என்கிற வேறு பிளாஸ்டிக் தகட்டில் செய்தது. பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வழவழவென்று இருக்கிறதே, அந்த வேலைதான். தகட்டைச் சூடாக்கி அச்சின்மேல் காற்றை உறிஞ்சி இழுப்பார்கள். மேல் பாதி, கீழ் பாதி தனித்தனியாக எடுத்து ஓரத்தில் ஒட்டுவார்கள். தகடு விறைப்பானது, அதனால் மெலிசாகவே போதும். மூன்றடி நீளம் அதிகமாக இருந்தும் 20 கிலோ என்று போட்டிருக்கிறான். பச்சை 24 கிலோ.

நாலு கிலோ ஒரு கனமா என்று கேட்காதே. அன்றைக்கு நீயும் நானும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் கார் நிறுத்தின இடத்திலிருந்து கரைக்குத் தூக்கிப் போனோமே, எத்தனை தடவை கீழே வைத்தோம்? எனக்கு ஞாபகம் இருக்கிறது, நாலு தடவை. கைப்பிடிக் கயிறு விரலில் பதிந்து சிவந்துபோயிற்று. மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை வலி, வாரத்தில் நாலு நாள் வெளியூர் வேலை. ஆக நீ தனியாகத்தான் தூக்கப்போகிறாய். உன் அம்மாவின் பெரிய கிரைண்டர் கதை தெரியும்தானே. முட்டி வலி வந்த பிறகு அதைச் சாய்த்து மாவு வழிக்க முடியாமல் மூலையில் சாக்குப் போட்டு மூடினோம். டேபிள் டாப் வந்த அப்புறம்தான் வீட்டில் மறுபடி இட்லி.

சரி, கனம் குறைவு மட்டும் பார்த்தால் பரிசலே போதும். கொடிவேரியில் சின்ன வயதில் நான் பார்க்காத பரிசலா? பரிசக்கார அண்ணன் ஆற்றோடு இறங்கி வந்து ஆளை இறக்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு மேலே நடந்து போவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஆமை ஒன்று இரண்டு காலில் நடக்கிற மாதிரி இருக்கும். ஒற்றை ஆள் சுமை, கவிழ்வதும் லேசில் இல்லை. ஆனால் துடுப்பைப் பக்கத்தில் போட்டால் நின்ற இடத்தில் கிறுகிறுவென்று சுற்றும். முன்னால் போட்டு இழுத்தால்தான் நகரும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் படகுக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது. உன் பச்சைக் கயாக் பாதி பரிசல். ஒன்பதடி நீளத்துக்கு 33 அங்குல அகலம். ஒவ்வொரு தள்ளலுக்கும் மூக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டும். உன் பலத்தில் பாதி அதை நேராக்குவதிலேயே போய்விடும்.

படகின் வேகம் தண்ணீரில் படுகிற நீளத்தைப் பொறுத்தது. ஒரு கணக்கு இருக்கிறது: அந்த நீளத்தை அடியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 1.34-ஆல் பெருக்கினால் அந்தப் படகு சிரமமில்லாமல் எட்டுகிற உச்ச வேகம் நாட் கணக்கில், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல் என்று வரும். ஒன்பதடிக்கு 4, பன்னிரண்டடிக்கு 4.6. பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் உங்கள் ஊரில் மத்தியானத்துக்கு மேல் கடலிலிருந்து ஒரு காற்று அடிக்குமே, ஃப்ரீமாண்டில் டாக்டர் என்று பேர் வைத்திருக்கிறார்களே, அதை எதிர்த்துத் திரும்பி வரும்போது தெரியும். காற்றடைத்த கயாக் வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். மடித்து டிக்கியில் போடலாம், கனமும் இல்லை, வாஸ்தவம். ஆனால் தண்ணீருக்கு மேலே உப்பலாக நிற்பதால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும்.

வெள்ளைச் சிவப்பின் அகலம் 29 அங்குலம் என்று இருக்கிறது. முதலில் கொஞ்சம் ஆடுகிற மாதிரி இருக்கும். இரண்டு நாளில் இடுப்பு பழகிவிடும். விழுந்தாலும் என்ன, கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகினவள் நீ. சிட் ஆன் டாப்பில் உள்ளே தண்ணீர் நிற்காது, ஸ்கப்பர் ஓட்டை வழியாக வடிந்துவிடும். நிமிர்த்திப் போட்டு வயிற்றைத் தளத்தில் வைத்து எக்கி ஏறிக்கொள்ளலாம். ஆனால் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலேயும் வரும். அன்றைக்கு என் பேண்ட் நனைந்து பேரன் சிரித்தானே, அது என் 84 கிலோ செய்த வேலை. தாங்கும் எடை என்று போட்டிருப்பதில் முக்கால் பங்குக்குள் நிறுத்திக்கொள்.

இந்த ஓட்டை விஷயத்தில் இன்னொன்று. அதற்குள் கம்பியை விட்டுத் தாங்குகிற தள்ளுவண்டி விற்கிறார்கள். வாங்காதே. மேல்தளமும் அடித்தளமும் குழாயாகச் சேருகிற இடம் அது, மொத்தக் கனமும் அங்கே ஏறினால் விரிசல் விடும். தொட்டியிலும் எனக்கு ஓயாமல் தொந்தரவு கொடுத்தது குழாய் வாய்தான். அடியில் பட்டை போட்டுத் தாங்குகிற வண்டியாகப் பார்.

ஏ.பி.எஸ்-ஸைக் கரையில் தரதரவென்று இழுக்கக்கூடாது. கூரான பாறையும் ஆகாது. நீ போகிற இடம் மணலும் சேறும்தானே. விரிசல் விட்டாலும் பசை பிடிக்கும். பாலி எத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் நிற்காது, அதே பிளாஸ்டிக்கை உருக்கித்தான் பற்றவைக்க வேண்டும். அந்தப் புகையை நான் போதுமான அளவு குடித்தாயிற்று.

காரில் ஏற்றும்போது முழுசாகத் தூக்க வேண்டியதே இல்லை. பின்கண்ணாடிமேல் ஒரு ரப்பர் மிதியடியைப் போட்டு, முன்மூக்கை அதன்மேல் சாய்த்து வை. அப்புறம் பின்முனையைத் தூக்கி முன்னால் தள்ளினால் கூரைமேல் ஓடிவிடும், பாதிக் கனம்தான் கையில். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று கார் புத்தகத்தில் இருக்கும், கூரைமேல் மாட்டுகிற கம்பியின் எடையையும் சேர்த்துப் பார். பட்டையை முறுக்கி இறுக்காதே. 40 டிகிரி வெயிலில் கட்டினபடியே நிறுத்தினால் அடித்தளம் பள்ளமாகும்.

மிச்சம் பிடிக்க நினைத்தால் துடுப்பில் மட்டும் பிடிக்காதே. நிமிடத்துக்கு 50 தள்ளல் என்றால் ஒரு மணி நேரத்தில் 3,000 தடவை அதைத் தூக்குகிறாய். அலுமினியக் கம்பு வைத்த துடுப்பு ஒரு கிலோவுக்கு மேலே போகும். ஃபைபர் கிளாஸ் வாங்கு. உன் உயரத்துக்கும் அந்த அகலத்துக்கும் 230 சென்டிமீட்டர் சரியாக இருக்கும்.

கடைக்குப் போகும்போது வீட்டில் இருக்கிற எடை மெஷினை எடுத்துக்கொண்டு போ. சிரிக்காதே. சீட்டைக் கழற்றிவிட்டு எடை போடுகிறவர்கள் உண்டு. கயாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு மெஷின்மேல் ஏறி நில், உன் எடையைக் கழித்துக்கொள். தூக்கி நிற்க முடியவில்லை என்றால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடு.

அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பச்சை மொச்சை உரித்துக்கொண்டிருக்கிறாள். ஆற்றில் இறங்குவதே அவளுக்குப் பிடிக்கவில்லை. லைஃப் ஜாக்கெட் ஆரஞ்சு நிறத்தில்தான் வாங்க வேண்டுமாம், கறுப்பு வாங்கினால் பேசமாட்டாளாம். போட்டுக்கொண்டு போட்டோ அனுப்பு, பக்கிளை நெஞ்சுவரை மாட்டி.

அப்பா